நன்னடத்தைப் பதக்கம்: ஒரு திருத்தமும் விளக்கமும்

சென்ற ஆகஸ்ட் 15 அன்று நம் சங்க மண்டபத்தில் நடந்த சுதந்திர தின விழாவில், முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்குப் பொன்னாடை போர்த்தி மரியாதை செய்தது அன்பர்களுக்கு நினைவிருக்கும். அந்த வரிசையில் என் தாயாரையும் மேடைக்கு அழைத்தார்கள். "பாலக்காட்டு எல்லைக் கிராமத்திலிருந்து பட்டாளத்துக்குப் போய், போர்க்களத்தில் வீரப் பதக்கம் பெற்ற அமரர்" என்று ஒலிபெருக்கியில் என் தந்தையாரைப் பற்றிச் சொன்னபோது கரகோஷம் எழுந்தது. அந்தக் குறிப்பை எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

வீடு திரும்பியதும் அம்மா பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏங் கண்ணு, உங்கப்பா எந்தச் சண்டையில வீரப் பதக்கம் வாங்கினாரு? எனக்குத் தெரியாம ஏதாச்சும் நடந்துச்சா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்தே வீட்டில் ஒரு பதக்கம் உண்டு. அப்பா பட்டாளத்துக்காரர். பட்டாளத்துக்காரருக்குப் பதக்கம் என்றால் வீரத்துக்குத்தானே என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டிருந்தேன். பள்ளியில் தோழர்களிடம் அளந்த கதை அறுபது வயதை நெருங்கும்போதும் என்னோடு வந்து மேடை ஏறிவிட்டது. அந்தப் பிழையைத் திருத்துவதற்காகவும், நம் வீடுகளில் இப்படிப் பெயர் தெரியாமல் கிடக்கும் பதக்கங்களைப் பற்றி நான் அறிந்துகொண்டதைப் பகிர்ந்துகொள்வதற்காகவும் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

டிரங்குப் பெட்டியில் இருந்தவை

புனேயில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. தெருவுக்கு ஒரு ஓய்வுபெற்ற ராணுவத்தார் இருப்பார். கட்கியில் குடியிருக்கும், மதுரைப் பக்கத்தைச் சேர்ந்த சுபேதார் மேஜர் ஒருவரிடம் அப்பாவின் பதக்கங்களையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு போனேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதக்கங்களை மேஜைமேல் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துக் குழந்தைக்கு அரிச்சுவடி சொல்வதுபோல் சொன்னார்.

"இது சைன்ய சேவா மெடல். 1960-இல் ஏற்படுத்தினார்கள். காஷ்மீர், இமயம் போன்ற கஷ்டமான பகுதிகளில் வேலை செய்தவர்களுக்கு. பகுதியின் பெயர் ரிப்பனில் பட்டையாக இருக்கும். இது ரக்ஷா மெடல், 1965 சமயத்தில் படையில் இருந்தவர்களுக்கு. இது சங்கிராம் மெடல், 1971 யுத்தத்தை ஒட்டியது. இது 1972-இல் சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டுக்கு. இது ஒன்பது வருஷ சேவைக்கு. இவையெல்லாம் அந்தந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்குக் கிடைப்பவை."

பிறகு கடைசிப் பதக்கத்தை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். விளிம்பில் அப்பாவின் நம்பர், பதவி, பெயர் பொறித்திருந்தது. டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களின் பட்டியலோடு சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தார். "இதுதான் விசேஷம். லாங் சர்வீஸ் அண்ட் குட் காண்டக்ட் மெடல். நீண்டகால சேவைக்கும் நன்னடத்தைக்கும். உங்கப்பா பதினைந்து வருஷத்துக்கு மேல் ஒழுங்காக இருந்தார் என்று அர்த்தம்."

என் முகம் வாடியதை அவர் கவனித்திருக்க வேண்டும். "சண்டையில் ஒரு நாள் துணிச்சலாக இருப்பது பெரிய காரியம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் 5,478 நாள் ஒழுங்காக இருந்து பாருங்கள், தெரியும்" என்றார். பதினைந்து வருடங்களை நாட்களாக்கினால் ஏறக்குறைய அந்தக் கணக்குத்தான் வரும் என்று பிறகு நான் பெருக்கிப் பார்த்தேன்.

யாருக்கு எந்தப் பதக்கம்?

நம் ராணுவத்தில் மரியாதைகள் பல வகை. பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவை எதிரியின் முன்னே காட்டிய வீரத்துக்கு. அசோக் சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகியவை போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கு. சிறந்த சேவைக்கென பரம் விசிஷ்ட சேவா, அதி விசிஷ்ட சேவா, விசிஷ்ட சேவா என்று மூன்று பதக்கங்கள் உண்டு. எல்லாப் பதவியினருக்கும் உரியவை என்றாலும், இந்த மூன்றும் நடைமுறையில் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே போய்ச் சேர்கின்றன.

சாதாரணச் சிப்பாய்க்கும் அவருக்கு மேலே ஒன்றிரண்டு பட்டை உயர்ந்தவருக்கும் மட்டுமே என்று தனியாக இரண்டு பதக்கங்கள் உள்ளன. ஒன்று மெரிட்டோரியஸ் சர்வீஸ் மெடல், அதாவது மெச்சத்தக்க சேவைப் பதக்கம். இது ஹவில்தார் பதவியில் இருப்பவர்களில், பதினெட்டு ஆண்டு மாசற்ற சேவை முடித்தவர்களிலிருந்து தேர்ந்தெடுத்துத் தரப்படுவது. மற்றொன்று என் தந்தையார் பெற்ற நன்னடத்தைப் பதக்கம். ஹவில்தாருக்குக் கீழே உள்ள நாயக், லான்ஸ் நாயக், சிப்பாய் ஆகியோரில் பதினைந்து ஆண்டு முடித்தவர்களுக்கு. கடற்படையிலும் விமானப் படையிலும் இவற்றுக்கு இணையான பதவியினருக்கு இதே பதக்கங்கள் உண்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு, முப்பது ஆண்டு சேவைப் பதக்கங்கள் காலம் முடிந்தால் வருபவை. நன்னடத்தைப் பதக்கம் அப்படி வராது. காலமும் முடிய வேண்டும், பதிவேடும் சுத்தமாக இருக்க வேண்டும், அதன்பின் யூனிட்டில் உள்ளவர்களுள் தேர்வும் ஆக வேண்டும்.

சிவப்பு மை

பதிவேடு என்றேன். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பட்டாளத்தில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒரு நடத்தைத் தாள் உண்டு. தவறு செய்து தண்டனை பெற்றால் அது அந்தத் தாளில் ஏறும். சின்னத் தண்டனைகள் கறுப்பு மையில், பெரிய தண்டனைகள் சிவப்பு மையில். "ரெட் இங்க் என்ட்ரி" என்ற சொல்லைக் கேட்டாலே சிப்பாய்க்கு வயிற்றைக் கலக்கும். விடுப்பு முடிந்து தாமதமாகத் திரும்புவது, குடித்துவிட்டு ரகளை செய்வது, மேலதிகாரியை எதிர்ப்பது, ஒப்படைத்த பொருளைத் தொலைப்பது, காவல் பணியில் தூங்குவது என்று தவறுகளின் பட்டியல் நீளமானது.

சிவப்பு மை பதக்கத்தைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. பதவி உயர்வைத் தொடும். நான்கு சிவப்புப் பதிவுகள் சேர்ந்துவிட்டால் வேலையே போய்விடலாம் என்ற நிலை இருந்தது. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஒருவரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது, முறையான விசாரணை வேண்டும், அவருடைய நீண்ட சேவையையும் கஷ்டமான இடங்களில் பணிபுரிந்ததையும் கருத வேண்டும் என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓய்வு பெறும் நாளில் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் "நடத்தை" என்று ஒரு கட்டம் நிரப்பப்படும். "எக்ஸெம்பிளரி" என்று எழுதினால் அதுதான் உச்சம். அடுத்தது "வெரி குட்", அதற்கும் கீழே "குட்". ஓய்வுக்குப் பின் பாங்குக் காவலர் வேலைக்கோ வேறு வேலைக்கோ போகும்போது முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தக் கட்டத்தைத்தான்.

இந்தப் பதக்கத்தைப் பற்றி ஆங்கிலேயச் சிப்பாய்களிடையே ஒரு பழைய கேலி உண்டு: "பதினெட்டு வருஷம் பிடிபடாமல் செய்த குற்றங்களுக்கான மெடல்" என்று. சுபேதார் மேஜர் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, "பாரக்கில் நாற்பது பேரோடு ஒரே கூரையின்கீழ் பதினைந்து வருஷம் எதை மறைக்க முடியும்?" என்றார்.

எப்போது வந்தது?

நன்னடத்தைக்குப் பதக்கம் என்ற எண்ணம் 1830-இல் இங்கிலாந்தில் நான்காம் வில்லியம் மன்னர் காலத்தில் தோன்றியது. அப்போது காலாட்படைக்கு 21 ஆண்டும் குதிரைப்படைக்கு 24 ஆண்டும் சேவை வேண்டும். 1870-இல் 18 ஆண்டாகக் குறைத்தார்கள். வீரத்துக்காக இந்தியச் சிப்பாய்களுக்கு 1837-லேயே கம்பெனி அரசு ஆர்டர் ஆஃப் மெரிட் என்ற விருதை ஏற்படுத்திவிட்டது. ஆனால் நன்னடத்தைக்கென்று இந்திய வீரர்களுக்கு மேற்சொன்ன இரு பதக்கங்களும் வந்தது 1888-இல், விக்டோரியா ராணி காலத்தில்தான். ஹவில்தாருக்கு ஒன்று, கீழே உள்ளவர்களுக்கு ஒன்று என்ற பிரிவு அன்றே இருந்தது. நாடு குடியரசானபின் அரசர் தலை போய் நம் சின்னம் வந்தது. பதக்கங்களின் நோக்கம் மாறவில்லை.

1888 என்ற ஆண்டு தென்னாட்டவரான நமக்கு ஒரு விதத்தில் முக்கியமானது. அப்போது இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ராபர்ட்ஸ். அதற்கு முன் 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமை தாங்கியவர். தென்னாட்டுக்காரர்கள் நெடுங்கால அமைதியில் போர்க்குணத்தை இழந்துவிட்டார்கள், வடமேற்கு மக்களே போருக்குப் பிறந்தவர்கள் என்பது அவர் கருத்து. "போர்க்குல"க் கொள்கை என்று பின்னால் பெயர் பெற்ற இந்த எண்ணம் மெல்ல மெல்ல மதராஸ் படையை அரித்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு மதராஸ் காலாட்படைப் பட்டாலியன்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கலைக்கப்பட்டன. "தம்பி" என்று செல்லப் பெயர் பெற்ற மதராஸ் சாப்பர்கள் மட்டும் பெங்களூரில் தொடர்ந்து இருந்தார்கள். இரண்டாம் உலகப் போரின்போது ஆள் தேவைப்பட்டதும் மதராஸ் ரெஜிமெண்டை மறுபடி எழுப்பினார்கள். அதன் பயிற்சி மையம் முதலில் வாளையாறுக்கும் கோவைக்கும் நடுவே மதுக்கரையில் இருந்து, 1947-இல் நீலகிரி வெலிங்டனுக்குப் போனது.

ஆக, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய ஊர்ப் பையன்களுக்குப் பட்டாளம் எங்கோ வடக்கே இருந்த சங்கதியல்ல. பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருந்தது.

மூன்று ஆட்சி, ஒரே லைன்

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். சித்தூர் தாலுகா. பாலக்காட்டு நகரம் மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது, அதாவது மதராஸ் மாகாணம். ஆனால் பக்கத்திலேயே உள்ள எங்கள் சித்தூர் கொச்சி ராஜ்யம். தேவிகுளமும் பீர்மேடும் உடும்பஞ்சோலையும் திருவிதாங்கூர். 1940-இல் இந்த மூன்று பக்கத்துத் தமிழ்ப் பையன்கள் சந்தித்தால் மூன்று வெவ்வேறு ஆட்சிகளின் குடிகளாக இருந்திருப்பார்கள். 1956 நவம்பர் 1-இல் எல்லாம் கேரளத்துக்குள் ஒன்றாகிவிட்டன. இடுக்கி தனி மாவட்டமானது 1972-இல். சமஸ்தானப் படைகளும் அதற்கு முன்பே இந்தியப் படையில் கலந்துவிட்டன. மதராஸ் ரெஜிமெண்டின் ஒன்பதாவது பட்டாலியன் பழைய திருவிதாங்கூர்ப் படையின் வாரிசு என்பது பலருக்குத் தெரியாது.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், பட்டாளத்தில் இந்தி. எல்லைத் தமிழனுக்கு எல்லாமே கலவைதான். ஆதார் இல்லாத காலம் அது. நீ யார், எந்த ஊர் என்று கேட்டால் நீட்டுவதற்குத் தாள் குறைவு. இதற்கு என் மனைவியின் பெரியப்பாவைச் சொல்லலாம். போடியிலிருந்து மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்கு வந்த குடும்பம். பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவர். படித்தது போடியில், பாட்டி வீட்டில் தங்கி. பெங்களூர் போய் சாப்பர்களில் சேர்ந்து, பாலம் கட்டுவதும் ரோடு போடுவதுமாக இமயத்திலிருந்து அஸ்ஸாம் வரை சுற்றி, ஹவில்தாராக ஓய்வு பெற்றார். பதினெட்டு ஆண்டுக்கான மெச்சத்தக்க சேவைப் பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

ஊர் திரும்பி ஒரு வேலைக்கு மனுப் போட்டபோது, "நீங்கள் தமிழ்நாடா, கேரளமா? எங்கே பிறந்ததற்குச் சான்று?" என்று கேட்டு மூன்று முறை திருப்பி அனுப்பினார்களாம். நான்காம் முறை அவர் பேசாமல் டிஸ்சார்ஜ் புத்தகத்தை விரித்து, பிறந்த ஊர் எழுதிய பக்கத்தையும் "எக்ஸெம்பிளரி" என்று எழுதிய பக்கத்தையும் மேஜைமேல் வைத்தாராம். "நான் எந்த ஊர்க்காரன்னு உங்களுக்குள்ள முடிவு பண்ணிக்குங்க. எப்படிப்பட்டவன்னு இதுல எழுதியிருக்குது" என்றாராம். வேலை கிடைத்தது. இந்தக் கதையை அவர் கல்யாண வீடுகளில் குறைந்தது இருபது தடவையாவது சொல்லியிருப்பார். எனக்குச் சலித்ததில்லை.

1974, மே மாதம்

என் தந்தையார் கதை இப்படி நிமிர்ந்து நின்று சொல்லக்கூடியதல்ல. அதனால்தானோ என்னவோ அவர் சொன்னதே இல்லை. அன்றிரவு அம்மாதான் சொன்னார்.

அப்பா 1963-இல் சேர்ந்தவர். அந்தச் சமயம் நாயக். பெரும்பாலும் கம்பெனி ஸ்டோரில் கம்பளி, கொசுவலை, மெஸ் டின் எண்ணிக்கொண்டிருக்கும் வேலை. யூனிட் பஞ்சாபில். 1974 மே 1 அன்று என் பாட்டி இறந்துவிட்டார். தந்தி போய், அப்பா மறுநாளே கிளம்பி 6-ஆம் தேதி ஊர் வந்து சேர்ந்தார். அப்போது எனக்கு எட்டு வயது. பயண நாட்கள் சேர்த்து அவருக்கு மே 25 வரை விடுப்பு. 16-ஆம் தேதி பதினாறாம் நாள் காரியம். மூத்த மகன் அவர்தான் செய்ய வேண்டும்.

மே 8 அன்று நாடு முழுவதும் ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கியது. ஒலவக்கோட்டில் எந்த வண்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. வேலைநிறுத்தம் எத்தனை நாள் நீடிக்கும் என்பதும் தெரியவில்லை. (பிறகு அது 27-ஆம் தேதிதான் முடிந்தது.) அப்பா இரண்டு நாள் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தாராம். 13-ஆம் தேதி விடியற்காலை டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். காரியத்துக்கு மூன்று நாள் முன்பு.

ஊரே வாசலில் கூடிவிட்டது. "ஏனுங்க, ஒரு தந்தி அடிச்சா லீவு நீட்டித் தர மாட்டாங்களா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். "கேட்டாக் கொடுப்பாங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார் அப்பா. என் பெரிய மாமா, "பெத்தவளுக்குப் பிண்டம் வைக்காத பட்டாளம் என்ன பட்டாளம்?" என்று கத்திவிட்டு வெளியேறினார். அதன்பின் எட்டு வருடம் எங்கள் வீட்டு வாசற்படி மிதிக்கவில்லை. காரியத்தைச் சித்தப்பா செய்தார்.

வேலந்தாவளம் வழியாகக் கோவைக்கு பஸ். கோவையிலிருந்து பெங்களூருக்கு பஸ். அப்புறம் கிடைத்த லாரி, ஓடிய ஒன்றிரண்டு வண்டி என்று மாறி மாறி ஒன்பது நாளில், 22-ஆம் தேதி யூனிட் போய்ச் சேர்ந்தார்.

அம்மா இந்தக் கணக்கை ஐம்பது வருடமாக மனதில் போட்டுக்கொண்டிருக்கிறார் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "காரியம் முடிச்சுட்டு 17-ஆம் தேதி காலைல கிளம்பியிருந்தா 26-ஆம் தேதி போய்ச் சேர்ந்திருப்பாரு. ஒரே ஒரு நாள் லேட்டு. அதும் ஊரே ஸ்டிரைக்குல கெடக்கறப்ப. யாரு கேக்கப் போறா?" என்றார்.

சுபேதார் மேஜரிடம் இதைச் சொன்னபோது அவரும் அதையே சொன்னார். வேலைநிறுத்தம் ஊரறிந்த விஷயம், ஒரு நாள் தாமதத்துக்கு அன்றைய கமாண்டர் யாரும் சிவப்பு மையைத் தொட்டிருக்க மாட்டார் என்றார். ஆக, அந்தப் பதக்கத்துக்கு அப்பாவின் தியாகம் அவசியமாகக்கூட இருந்திருக்கவில்லை. இதை நான் மறைக்க விரும்பவில்லை.

பின்னொரு நாள், மாமா சமாதானமாகி வந்தபின், அம்மா நேராகவே கேட்டிருக்கிறார். அப்பா சொன்னாராம்: "காரணம் எல்லாத்துக்கும் இருக்கும். எங்கிட்ட லேட்டா வர்ற பசங்களும் காரணத்தோடதான் வருவாங்க. அவங்களை நான் என்னன்னு கேக்கறது?" இவ்வளவுதான். சரியா தப்பா என்று அம்மா இன்றுவரை முடிவு செய்யவில்லை. நானும் செய்யவில்லை. ஆனால் 1978-க்குப் பிறகு அவருக்குக் கிடைத்த அந்தப் பதக்கத்தை அவர் ஒருநாளும் சுவரில் மாட்டாமல், பாட்டியின் புகைப்படத்துக்குப் பின்னால் துணியில் சுற்றி வைத்திருந்ததன் காரணம் இப்போது எனக்கு ஒருவாறு புரிகிறது.

பிற நாடுகளில்

அமெரிக்கக் கடற்படையில் நன்னடத்தைப் பதக்கம் 1869 முதலே உண்டு. தரைப்படைக்கு 1941 ஜூன் 28 அன்று அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் வந்தது. அங்கே மூன்று ஆண்டு மாசற்ற சேவை போதும். போர்க்காலத்தில் ஓராண்டாகவும் குறைத்தார்கள். திறமை, மானம், விசுவாசம் என்ற மூன்று சொற்களை அதில் பொறித்திருக்கிறார்கள். மறுபடி மறுபடி பெறுபவர்களுக்கு ரிப்பன்மேல் முடிச்சுப் போட்ட பட்டை சேரும். அங்கும் அது சிப்பாய் வகுப்புக்கு மட்டுமே, அதிகாரிகளுக்கு இல்லை. சிங்கப்பூர்ப் படையிலும் நீண்டகால நன்னடத்தைப் பதக்கம் உண்டு. மூன்று ஆண்டுக்குத் தருவதா, பதினைந்து ஆண்டுக்குத் தருவதா என்பதில் நாட்டுக்கு நாடு வித்தியாசம். தினசரி ஒழுங்கையும் ஒரு சாதனையாக எண்ணும் வழக்கம் பல படைகளில் இருக்கிறது.

இன்றைய பிள்ளைகளுக்கு

என் அக்காளின் பேரன் அக்னிவீரராகச் சேர்ந்து வெலிங்டனில் பயிற்சி முடித்தவன். 2022 ஜூன் மாதம் அறிவித்த அக்னிபத் திட்டத்தில் சேர்பவர்களுக்கு நான்கு ஆண்டு சேவை. அதன்பின் அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் நிரந்தரப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்படுவார்கள் என்பது திட்டம். மற்றவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். ஒன்பது ஆண்டுப் பதக்கத்துக்கே காலம் போதாது. பதினைந்து ஆண்டு நன்னடத்தைப் பதக்கம் அவர்களில் பெரும்பாலோருக்கு எட்டாது.

தொலைபேசியில் அவன் கேட்டான்: "மாமா தாத்தா, கொள்ளுத்தாத்தா மெடல் எனக்குக் கிடைக்குமா?" பொய் சொல்லிப் பழக்கம் விட்டுப்போன புதிது. "நிரந்தரமாக எடுத்தால் கிடைக்கலாம். இல்லையென்றால் கிடைக்காது. நடத்தைத் தாள் மட்டும் நாலு வருஷத்துக்கும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "லீவு முடியறதுக்கு முந்தின நாளே போயிடறேன் தாத்தா, ரயில் ஸ்டிரைக்கெல்லாம் இப்ப இல்லை" என்று சிரித்தான். அவன் பாட்டி கதையைச் சொல்லிவிட்டிருக்கிறாள்.

உங்கள் வீட்டில் இருந்தால்

நம் சங்கக் குடும்பங்களில் பல வீடுகளில் இப்படிப் பதக்கங்கள் இருக்கும். சில யோசனைகள்.

முதலில் விளிம்பைப் பாருங்கள். நம்பர், பதவி, பெயர் பொறித்திருக்கும். பளபளப்பாக்குகிறேன் என்று புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள். எழுத்து தேய்ந்துவிட்டால் அது யாருடையது என்பதே போய்விடும். உலர்ந்த மெல்லிய துணி போதும். டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பதக்கத்தோடு சேர்த்து வையுங்கள், ஒரு நகலும் எடுத்து வையுங்கள். ஏதாவது விவரம் தெரிய வேண்டுமானால் அந்தந்த ரெஜிமெண்டின் ரெக்கார்டு ஆபீசுக்கு நம்பரைக் குறிப்பிட்டு எழுதலாம். மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன், சாப்பர்களுக்கு பெங்களூர். எழுதத் தெரியாதவர்கள் ஊரில் உள்ள மாவட்ட சைனிக நல அலுவலகத்தை அணுகலாம். பதக்கத்தைப் பெற்றவர் இடது மார்பில் அணிவார். மறைந்தவரின் பதக்கத்தைக் குடும்பத்தார் அணிவதானால் வலது மார்பில் அணிவது வழக்கம். வெள்ளி என்று நினைத்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அது எதற்காகத் தரப்பட்டது என்பதைப் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லுங்கள். கூட்டிச் சொல்ல வேண்டாம். நான் கூட்டிச் சொன்னதால், அப்பா உண்மையாகச் செய்தது என்ன என்று ஐம்பது வருடம் தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட்டேன்.

சங்கச் செயலாளருக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு விழாவில் என் தந்தையாரின் பெயரைச் சொல்வதானால், கீழ்க்கண்டவாறு அறிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்: "நாயக், மதராஸ் ரெஜிமெண்ட். 1963 முதல் 1980 வரை பதினேழு ஆண்டு சேவை. நன்னடத்தைப் பதக்கம் பெற்றவர்." கை தட்டுகிறவர்கள் தட்டட்டும். என் தாயார் இந்த முறை யாரையும் கேள்வி கேட்க மாட்டார்.